சார்லஸ் கொரியாவின் வாழ்க்கையை வடசென்னையிலிருந்து எழுதுவது எப்படி?

கட்டடக் கலைஞர்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் பிறந்த ஊரில் தொடங்கி, படித்த கல்லூரிகளைக் கடந்து, விருதுப் பட்டியலில் முடிந்துவிடுகின்றன. அவற்றில் ஒரு தகவல் பிழைகூட இல்லாமல் இருக்கலாம். இருந்தும், அந்த மனிதர் வரைபலகையின் முன் அமர்ந்து எந்தச் சிக்கலை அவிழ்க்கப் பாடுபட்டார், அவர் கண்ட விடை வெயிலுக்கும் மழைக்கும் தாக்குப்பிடித்ததா என்ற கேள்விகளுக்கு அங்கே பதில் கிடைப்பதில்லை. ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ பெரம்பூரிலோ இருந்துகொண்டு சார்லஸ் கொரியாவின் (1930–2015) வாழ்க்கையையும் பணியையும் எழுத விரும்பும் கல்லூரி மாணவர்களுக்கும் வாசகர் வட்டத்தினருக்கும் ஆசிரியர்களுக்கும், எங்கே தொடங்கலாம், எதை அளக்கலாம், எதைத் தள்ளிவைக்கலாம் என்று இங்கே விளக்குகிறேன்.

விடுதலைக்குப் பின் இந்தியாவில் எழுந்த நவீனக் கட்டடக் கலையின் முதல் வரிசையில் பலர் இருக்கிறார்கள். அவர்களுள் கொரியாவை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. குறுகிய மனை, புழுக்கம், கடற்காற்று, குறைந்த வருமானக் குடும்பத்துக்கு வீடு, நெரிசலான நகரத்தில் சிறிதளவு திறந்த வானம் ஆகியவையே அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்ட பொருள்கள். வடசென்னையில் வளர்ந்த எவருக்கும் இவற்றைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. அந்த அனுபவத்தை எழுதுபவர் ஒரு கருவியாகப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டி சொல்ல வருவது.

முதலில் ஓர் ஆண்டுக்குறிப்பு

எழுதத் தொடங்குமுன் ஒரே ஒரு தாளில் அடங்கும் ஆண்டுக்குறிப்பைத் தயாரித்துக்கொள்ளுங்கள். கொரியா 1930 செப்டம்பர் 1 அன்று செகந்திராபாத்தில், கோவாவைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தார். பம்பாய் புனித சேவியர் கல்லூரியில் படித்த பின் அமெரிக்கா சென்று, 1949 முதல் 1953 வரை மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும், அடுத்த இரண்டு ஆண்டுகள் எம்.ஐ.டி. என்று அறியப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் கட்டடக் கலை பயின்றார். 1958இல் பம்பாயில் சொந்த அலுவலகம் தொடங்கினார். 2015 ஜூன் 16 அன்று மும்பையில் காலமானார். இவ்வளவும் நான்கு வரிகளில் முடிந்துவிட வேண்டும்.

இளமைக்காலத்தில் இரண்டு செய்திகளை மட்டும் தவறவிடாதீர்கள். சிறுவயதில் அவருக்குப் பொம்மை ரயில்கள் மீது தீராத ஆசை இருந்தது. தண்டவாளங்கள் எங்கே பிரிகின்றன, எங்கே கூடுகின்றன என்று காகிதத்தில் வரைந்து பார்த்ததே தம்மைக் கட்டடக் கலைக்குக் கொண்டுவந்தது என்ற பொருளில் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். மற்றொன்று, எம்.ஐ.டி.யில் தம் முதுநிலை ஆய்வுக்காக 1955இல் அவர் ஓர் அசைவூட்டப் படத்தை உருவாக்கினார். சீரழிந்துவரும் குடியிருப்புப் பகுதியை அங்கே வாழும் மக்களே ஒன்றுகூடிச் சீர்படுத்துவது பற்றியது அது. தனிக் கட்டடத்தைவிடப் பெரியதான தெரு, அக்கம்பக்கம், நகரம் ஆகியவற்றின் மீது அவருக்கு இருந்த அக்கறை, அலுவலகம் தொடங்குவதற்கு முன்பே அவருள் வேரூன்றியிருந்ததை இவ்விரண்டும் காட்டுகின்றன.

கட்டடங்களுக்கு ஆண்டு குறிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆண்டுகளை எழுதுங்கள்: வரையத் தொடங்கிய ஆண்டு, கட்டி முடித்த ஆண்டு. அகமதாபாத் சபர்மதி ஆசிரமத்தில் உள்ள காந்தி நினைவு அருங்காட்சியகம் 1958–63. மும்பையின் காஞ்சன்ஜங்கா அடுக்குமாடி 1970–83. நவி மும்பையின் பேலாப்பூர் குடியிருப்பு 1983–86. போபால் சட்டமன்றக் கட்டடம் 1980–96. இப்படி எழுதினால்தான், ஒற்றை ஆண்டுப் பட்டியல் மறைத்துவிடும் உண்மை ஒன்று வெளியே வரும். செல்வந்தர்களுக்கான காஞ்சன்ஜங்காவின் பணி தொடங்கிய அதே 1970இல்தான் அவர் நவி மும்பையின் தலைமைக் கட்டடக் கலைஞராகப் பொறுப்பேற்று, எளிய மக்களுக்கு எங்கே, எவ்வளவு நிலம் கிடைக்க வேண்டும் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார். ஒரே காலத்தில் ஒரே மனிதரின் மேசையில் கிடந்த இந்த இரு வேலைகளையும் அடுத்தடுத்த பத்திகளில் வைத்து எழுதுங்கள். பணக்காரர் வீடு ஓர் அத்தியாயம், ஏழை வீடு இன்னோர் அத்தியாயம் என்று பிரித்துவிடாதீர்கள்.

குறுக்குவெட்டைப் படிக்கப் பழகுதல்

ஒரு கட்டடத்தை அறிய அதன் புகைப்படத்தைவிடக் குறுக்குவெட்டு வரைபடமே உதவும். வீட்டை மேலிருந்து கீழாக ஒரு கத்தியால் அறுத்துப் பக்கவாட்டில் நின்று பார்ப்பது போன்ற அந்த வரைபடத்தில்தான் காற்று எங்கே நுழைகிறது, வெப்பம் எங்கே தேங்குகிறது, மழைநீர் எங்கே விழுகிறது என்பவை தெரியும். கொரியாவின் வாழ்க்கையில் இதற்கு மிகச் சிறந்த பாடம், குழாய் வீடு என்று அழைக்கப்படும் சிறு வீடு.

குஜராத் வீட்டுவசதி வாரியம் 1960களின் தொடக்கத்தில் குறைந்த செலவு வீடுகளுக்கு ஒரு போட்டி நடத்தியது. மாடிப்படி ஏறிச் செல்லும் அடுக்குக் குடியிருப்புகளே எதிர்பார்க்கப்பட்ட நிலையில், கொரியா வரிசை வீடுகளைக் கொண்ட திட்டத்தை அனுப்பி, அதே நிலத்தில் அதே எண்ணிக்கைக் குடும்பங்களைக் கூடுதல் இடவசதியோடு குடியேற்ற முடியும் என்று காட்டி முதல் பரிசு பெற்றார். வீட்டின் அகலம் 3.6 மீட்டர், நீளம் 18.2 மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ 12 அடிக்கு 60 அடி, அதாவது கால் கிரவுண்டுக்குச் சற்று மேல். சரிவான கூரையின் உட்புறத்தை ஒட்டிச் சூடான காற்று மேலேறி உச்சியில் உள்ள திறப்பின் வழியே வெளியேறும். அந்த இடத்தை நிரப்பப் புதிய காற்று கீழிருந்து உள்ளே இழுக்கப்படும். வாசற்கதவை ஒட்டித் திருப்பி அமைக்கக்கூடிய சட்டப்பலகைகள் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும். உள்ளே கதவுகள் இல்லை. தளத்தின் உயர வேறுபாடே அறைகளைப் பிரிக்கிறது. உள்முற்றத்தின் மேல், திருடர் இறங்காதபடி, கம்பு வரிசை ஒன்று போடப்பட்டது.

இந்த விவரங்களைப் படித்ததும் பழைய வண்ணாரப்பேட்டையிலோ மிண்ட் தெருவை ஒட்டிய சந்துகளிலோ இன்னும் எஞ்சியிருக்கும் பழைய வீடு ஒன்றுக்குள் போய் வாருங்கள். தெருவில் பத்துப் பன்னிரண்டு அடி முகப்பு மட்டும் காட்டி, உள்ளே ரயில்பெட்டியாக நீண்டு செல்லும் வீடுகள் அவை. திண்ணை, நடை, முற்றம், தாழ்வாரம், சமையற்கட்டு, கொல்லை என்ற வரிசை. இருபுறமும் அடுத்த வீட்டோடு பகிர்ந்துகொண்ட பொதுச்சுவர். ஆகவே பக்கச் சன்னலுக்கே வழியில்லை. முற்றத்தை அண்ணாந்து பார்த்தால் இரும்புக் கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் போடப்பட்டிருக்கும். அவற்றில் துருவேறிய இடங்களில் கொடிக்கயிறு கட்டிய தடம் தெரியும். தரையில் கம்பிகளின் நிழல் கட்டம் கட்டமாக விழுந்து, நண்பகல் சரிந்ததும் சுவரில் ஏறத் தொடங்கும். அந்தக் கம்பிகளும் குழாய் வீட்டின் கம்பு வரிசையும் ஒரே தேவைக்குக் கிடைத்த ஒரே விடை என்பதை அங்கே நின்றால் உடனே புரிந்துகொள்வீர்கள்.

வீட்டாரிடம் அனுமதி பெற்று, அளவுநாடாவும் ஓர் ஊதுவத்தியும் எடுத்துச் செல்லுங்கள். முகப்பின் அகலம், முற்றத்தின் நீள அகலம், தாழ்வாரக் கூரையின் தாழ்ந்த உயரம், உயர்ந்த உயரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மின்விசிறிகளை நிறுத்திவிட்டு, ஏற்றிய ஊதுவத்தியை வாசலிலும் நடையிலும் முற்றத்தின் விளிம்பிலும் சிறிது நேரம் பிடித்துப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். காலையிலும் பிற்பகலிலும் இருமுறை செய்தால் வேறுபாடு தெரியும். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் “ஆயா, மத்தியானத்துல எங்க படுப்பீங்க? மழைன்னா எங்க?” என்று கேளுங்கள். அவர் கைநீட்டிக் காட்டும் இடங்களை உங்கள் வரைபடத்தில் குறித்தால், அந்த வீட்டின் குறுக்குவெட்டைப் பாதி வரைந்துவிட்டீர்கள் என்று பொருள். வெப்பம் ஏறுவதையும் குடும்பம் நேரத்துக்கு நேரம் இடம் மாறி வாழ்வதையும் ஒரே தாளில் காணும் பயிற்சி இது. கொரியாவின் எல்லா வீடுகளையும் படிக்க இதுவே போதும்.

அதற்காக, நம் பழைய வீட்டைப் பார்த்துத்தான் கொரியா குழாய் வீட்டை வரைந்தார் என்று எழுதிவிடக் கூடாது. ஒரே வகையான வெயிலும் குறுகலும் பல ஊர்களில் ஒத்த விடைகளை உண்டாக்கியிருக்கின்றன என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலும், மாதிரியாகக் கட்டப்பட்ட குழாய் வீடு 1995இல் இடிக்கப்பட்டுவிட்டது என்பதையும் மறக்காமல் பதிவுசெய்யுங்கள்.

ஒரு கட்டடத்தையாவது முழுமையாக விவரித்தல்

கட்டுரையில் ஒரே ஒரு கட்டடமாவது வாசகர் உள்ளே நடந்து பார்த்த அளவுக்கு விவரிக்கப்பட வேண்டும். அதற்குச் சபர்மதி அருங்காட்சியகத்தைப் பரிந்துரைக்கிறேன். அந்தப் பணி கைக்கு வந்தபோது கொரியாவுக்கு இருபத்தெட்டு வயதுகூட நிறைந்திருக்குமா என்ற அளவுக்கு இளமை. அதே அகமதாபாத்தில் உலகப் புகழ்பெற்ற நவீனக் கட்டடக் கலைஞர் லெ கார்புசியே கட்டிய ஆலை உரிமையாளர் சங்கக் கட்டடம் 1954இலேயே எழுந்து, வெறும் கான்கிரீட்டின் வலிமையை நாட்டுக்கே காட்டியிருந்தது. இளம் கலைஞர் ஒருவர் அந்த வழியில் போவதே இயல்பு.

கொரியா வேறு அளவுகோலை எடுத்துக்கொண்டார். காந்தி 1917 முதல் 1930 வரை வாழ்ந்த ஆசிரமத்தின் எளிய குடில்களுக்கு அருகே பெரிய மண்டபம் எதையும் எழுப்பாமல், 6 மீட்டருக்கு 6 மீட்டர் என்ற சதுர அலகு ஒன்றை வகுத்து, அதையே 51 முறை பயன்படுத்தினார். செங்கல் தூண்கள், கல் தரை, கூம்பிய ஓட்டுக்கூரை. சன்னல்களில் கண்ணாடியே இல்லை, மரச்சட்டப் பலகைகள்தான். சில அலகுகள் நாற்புறமும் அடைத்த அறைகள். சில கூரை மட்டும் கொண்டவை. சில திறந்த வெளிகள். நடுவே வானம் பார்த்த நீர்முற்றம். இன்னும் அலகுகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்ற வகையில் ஒழுங்கற்ற ஒழுங்கோடு அவை பரவியிருக்கின்றன. 1963இல் நேரு அதைத் திறந்துவைத்தார்.

இதை எழுதும்போது எளிமை, அமைதி, காந்தியம் போன்ற பெருஞ்சொற்களை முடிந்தவரை தவிருங்கள். கண்ணாடி இல்லாத சன்னல் என்று சொன்னாலே போதும். குளிரூட்டி இல்லாமல் ஒரு பொதுக் கட்டடம் இயங்க முடிந்ததை வாசகர் தாமே உணர்ந்துகொள்வார். ஓட்டுவீட்டில் வாழ்ந்தவர்களுக்கு மேலேறும் சூடும் கீழே தவழும் காற்றும் அனுபவத்தில் தெரியும். அந்த அறிவை நம்பி எழுதுங்கள்.

கடல் எந்தப் பக்கம் என்று பார்த்தல்

காஞ்சன்ஜங்காவைப் பற்றி எழுதுபவர்கள் அதன் உயரத்திலும் வண்ணத்திலும் மயங்கிவிடுகிறார்கள். 84 மீட்டர், அதாவது ஏறத்தாழ 276 அடி. 1959இல் திறக்கப்பட்ட நம் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி என்பதோடு ஒப்பிட்டால் அளவு பிடிபடும். 21 மீட்டர் சதுரத் தளத்தில் எழுந்த கோபுரம். அதில் 32 வீடுகள் மட்டுமே. ஆனால் அதன் கருவைப் புரிந்துகொள்ள, மும்பையின் கடல் மேற்கே இருக்கிறது என்ற ஒன்றைத்தான் முதலில் நினைவில் வைக்க வேண்டும்.

நம் கரையில் காற்றும் வெயிலும் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து வருகின்றன. கோடையில் நண்பகலுக்குப் பின் கடற்காற்று கிழக்கிலிருந்து நுழையும்; சுட்டெரிக்கும் பிற்பகல் வெயில் மேற்குச் சுவரில் விழும். எனவே கிழக்கைத் திறந்து, மேற்கை மூடிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கொண்டல் எப்போது, கச்சான் எப்போது, வாடை எப்போது என்று காசிமேட்டுக் கடற்கரையில் வலை பின்னும் பெரியவர்களிடம் கேட்டால் ஆண்டு முழுவதற்குமான விவரம் கிடைக்கும். மும்பையிலோ காற்று, கடற்காட்சி, பிற்பகல் வெயில், தென்மேற்குப் பருவமழை நான்குமே மேற்கிலிருந்து வருகின்றன. வேண்டியதும் வேண்டாததும் ஒரே சன்னல் வழியாக வந்தால் என்ன செய்வது என்பதே கொரியாவின் முன் நின்ற சிக்கல்.

பழைய பங்களாக்களில் வாழும் அறைகளைச் சுற்றித் தாழ்வாரம் ஓடும். வெயிலையும் சாரலையும் அது வாங்கிக்கொண்டு காற்றை மட்டும் உள்ளே விடும். கொரியா அந்தத் தாழ்வாரத்தை வானத்துக்கு ஏற்றினார். இரண்டு தள உயரமுள்ள தோட்டமாடங்களைக் கோபுரத்தின் மூலைகளில் குடைந்து, அறைகளை அவற்றின் பின்னே ஒதுக்கினார். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சதுரக் கோபுரத்தின் மூலைகளைக் கடித்து எடுத்தாற்போலத் தெரிவது இந்த இடங்கள்தாம். வடசென்னையிலிருந்து எழுதுபவர் இரு கரைகளின் காற்றையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதினால், காஞ்சன்ஜங்காவைப் பற்றிய நூற்றுக்கணக்கான வருணனைகளில் இல்லாத ஒன்றைச் சேர்த்தவர் ஆவார்.

வீட்டு மனையும் அக்கம்பக்கமும்

என் கணிப்பில் கொரியாவின் மிகப் பெரிய பணி காஞ்சன்ஜங்கா அன்று, பேலாப்பூர்தான். படங்களில் அது எடுப்பாகத் தெரியாது என்பதால் பலர் இரண்டு வரிகளில் கடந்துவிடுகிறார்கள். நீங்கள் உங்கள் கட்டுரையின் நீண்ட பகுதியை இதற்கே ஒதுக்குங்கள்.

பின்னணியை நவி மும்பையிலிருந்து தொடங்க வேண்டும். தெற்கு வடக்காக நீண்டு நெரிந்துகொண்டிருந்த பம்பாய்க்கு எதிரே, விரிகுடாவின் கிழக்குக் கரையில் ஒரு புதிய நகரத்தை உருவாக்கலாம் என்று 1960களின் நடுவில் கொரியா, கட்டடக் கலைஞர் பிரவீணா மேத்தா, பொறியாளர் சிரீஷ் படேல் ஆகிய மூவரும் முன்மொழிந்தார்கள். 1970இல் மகாராஷ்டிர அரசு அதற்கென சிட்கோ என்ற நகர, தொழில் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கியது. ஆனால் அரசுத் தலைமையகம் புதிய நகரத்துக்கு இடம்பெயர வேண்டும் என்ற மையமான யோசனை நிறைவேறவில்லை. தென்முனையில் நாரிமன் பாயிண்டில் கடலைத் தூர்த்து அலுவலகங்கள் எழுந்துகொண்டே இருந்தன. இதைக் கொரியா வெளிப்படையாகக் கண்டித்தார். வாழ்நாள் முழுவதும் அந்த வருத்தம் அவருக்கு இருந்தது. நகரத் திட்டத்தில் ஒரு கலைஞரின் கை எதுவரை நீளும் என்பதை எழுத இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

அந்த நகரத்தின் ஒரு மூலையில் எழுந்ததே பேலாப்பூர் குடியிருப்பு. மனைகள் 45 முதல் 75 சதுர மீட்டர் வரை. நம் கணக்கில் ஒரு கிரவுண்டில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. மிக ஏழ்மையான குடும்பத்துக்கும் ஓரளவு வசதியான குடும்பத்துக்கும் நிலத்தின் அளவு பெரிதாக வேறுபடக் கூடாது என்பது கொரியாவின் உறுதியான கருத்து. ஒவ்வொரு வீட்டுக்கும் தனக்கென ஒரு திறந்த வெளி உண்டு. எந்த வீடும் அடுத்த வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளவில்லை. ஏனென்றால் கையில் காசு சேரும்போது அண்டை வீட்டாரிடம் கேட்காமலேயே ஓர் அறையைக் கூட்டிக்கட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் வழி இருக்க வேண்டும். வடசென்னையில் பொதுச்சுவர்த் தகராறுகளைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் இந்த ஒரு முடிவின் அருமை தெரியும். ஏழு வீடுகள் சேர்ந்து ஏறத்தாழ 8 மீட்டர் சதுரமான சிறு முற்றத்தைச் சூழ்கின்றன. அப்படிப்பட்ட மூன்று கூட்டங்கள், அதாவது 21 வீடுகள், 12 மீட்டர் சதுரமான அடுத்த முற்றத்தைச் சூழ்கின்றன. இப்படியே படிப்படியாக ஊர் வளர்கிறது.

இதன் அடியில் இருந்த சிந்தனையை அவர் நான்கு அடுக்குகளாக விளக்கினார்: சமைக்கவும் உறங்கவும் பொருள்களை வைக்கவும் குடும்பத்தின் சொந்த இடம், பிள்ளைகள் விளையாடவும் பக்கத்து வீட்டாரோடு பேசவும் வாசல், தண்ணீர் பிடிக்கும் குழாயடி போன்ற சந்திப்பு இடம், ஊருக்கே பொதுவான பெரிய மைதானம். நம்மைப் போன்ற வெப்பநாட்டில் இந்த நான்கில் பெரும்பகுதி வானத்தின் கீழேயே நடக்கக்கூடியது; திறந்த வெளியை அமைக்க அறை கட்டும் அளவுக்குச் செலவாகாது; ஆகவே ஏழைக் குடும்பத்தின் வீட்டைத் திட்டமிடும்போது அறையையும் வெளியையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது அவர் வாதம். அடுக்கி உயர்த்திய குடியிருப்புகளில் முதலில் பறிபோவது வாசல்தான் என்று அவர் கவலைப்பட்டார். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இடம்பெயர்ந்த உறவினர் ஒவ்வொருவர் குடும்பத்திலும் இங்கே உண்டு. அவர்களிடம் இந்த நான்கு அடுக்குகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, எது அங்கே கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று கேட்டு எழுதுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுங்கையூர் அருகிலேயே இருக்கிறது. உலக வங்கி உதவியோடு 1977இல் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தின் கீழ், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய மூன்று இடங்களில் மனைகள் பிரிக்கப்பட்டு, சாலை, தண்ணீர், கழிவுநீர் வசதிகளோடு வழங்கப்பட்டன. வீட்டை மக்கள் தங்கள் வசதிக்கேற்பக் கட்டி வளர்த்தார்கள். கொரியாவுக்கும் இந்தத் திட்டத்துக்கும் தொடர்பு இருந்ததாக எழுதக் கூடாது. ஆனால் குடும்பம் வளர வளர வீடும் வளரட்டும் என்ற அதே காலத்துச் சிந்தனை நம் ஊரில் என்ன ஆயிற்று என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே ஒரு தெருவில் நடந்து, எந்த வீட்டில் எப்போது மாடி ஏறியது, எதற்காக ஏறியது, மகளின் திருமணத்துக்கா, வாடகைக்கு விடவா என்று விசாரித்துக் குறியுங்கள். வேலை செய்த மேஸ்திரியையோ கொத்தனாரையோ கண்டுபிடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. அடித்தளம் எத்தனை மாடிக்குப் போடப்பட்டது என்பதை அவர்கள் மறப்பதே இல்லை.

பேலாப்பூரின் பிந்தைய நிலையையும் ஒளிக்காமல் எழுதுங்கள். வசதி கூடிய குடும்பங்கள் பல, பழைய ஓட்டு வீடுகளை இடித்துவிட்டுப் பல தளக் கான்கிரீட் வீடுகளைக் கட்டிக்கொண்டன. கொரியா வரைந்த வடிவம் அங்கே பெருமளவு மறைந்துவிட்டது. முற்றங்களின் அமைப்பு பல இடங்களில் நிலைத்திருக்கிறது. சிலர் இதைத் தோல்வி என்பார்கள். தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் உரிமையைக் குடும்பத்துக்குக் கொடுப்பதே திட்டத்தின் நோக்கம் என்பதால், நான் அதைத் தோல்வியாகக் கருதவில்லை.

சென்னையில் உள்ள கட்டடம்

கொரியாவின் கட்டடம் ஒன்றை நேரில் பார்க்க அகமதாபாத் வரை போக வேண்டியதில்லை. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கி, 1961இல் அங்கேயே டயர் உற்பத்தியில் இறங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் தலைமையகத்தைக் கிரீம்ஸ் சாலையில் 1987–92 ஆண்டுகளில் அவர் கட்டினார். திருவொற்றியூர்க்காரர்கள் இந்தப் பத்தியை வடக்கிலிருந்து தொடங்கி எழுதலாம். அது தனியார் அலுவலகம். அனுமதியின்றி உள்ளே நுழையவோ படமெடுக்கவோ முயலாமல், சாலையிலிருந்து தெரியும் அளவுக்குப் பாருங்கள். நிழல் எங்கே விழுகிறது, வாசல் எந்தத் திசை, சுவர் எங்கே திறந்திருக்கிறது என்று மூன்று கேள்விகளோடு போனால் போதும்.

கூட்டாளிகள், விருதுகள், சான்றுகள்

எந்தக் கட்டடமும் ஒருவரால் மட்டும் எழுவதில்லை. காஞ்சன்ஜங்காவில் பிரவீணா மேத்தாவின் பங்கு உண்டு. பொறியாளர் சிரீஷ் படேல் இல்லாமல் அந்த மூலைகளைக் குடைந்திருக்க முடியாது. 1961இல் டெல்லி கண்காட்சிக்காகக் கட்டிய இந்துஸ்தான் லீவர் அரங்கில், கசங்கிய காகிதத்தின் மடிப்புகள் போன்ற கான்கிரீட்டை நிறுத்திக் காட்டியவர் பொறியாளர் மகேந்திர ராஜ். இந்தப் பெயர்களைக் கட்டடத்தின் பெயர் வரும் இடத்திலேயே எழுதுங்கள்.

விருதுகளுக்கு ஒரே வாக்கியம் போதும்: 1972இல் பத்மஸ்ரீ, 1984இல் பிரிட்டனின் அரச தங்கப் பதக்கம், 1998இல் போபால் சட்டமன்றத்துக்காக ஆகா கான் விருது, 2006இல் பத்ம விபூஷண். இவற்றைவிட, 1980களின் நடுவில் ராஜீவ் காந்தி அரசு அமைத்த தேசிய நகரமயமாக்கல் ஆணையத்துக்கு அவர் தலைமை வகித்ததையும், 1984இல் மும்பையில் நகர்ப்புற வடிவமைப்பு ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்ததையும் விரித்து எழுதுவது பயன் தரும்.

சான்றுகளைத் தேட எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலிருந்து தொடங்குங்கள். நாட்டில் வெளியாகும் நூல்களைப் பெற்றுச் சேமிக்கும் நூலகம் என்பதால் பழைய கட்டடக் கலை இதழ்களைக் கேட்டுப் பார்க்கலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் வரைபடங்கள் நிறைந்த பெரிய நூல்களை மேசையில் விரித்துவைத்துப் படிக்க வசதி உண்டு. கொரியா தம் வரைபடங்களை லண்டனில் உள்ள பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவனத்துக்கு அளித்துவிட்டார். கோவாவின் பணஜியில் அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை இயங்குகிறது. அவர் எழுதிய கட்டுரைகளைக் கட்டாயம் படியுங்கள். மிகத் தெளிவாக எழுதக்கூடியவர். அதே சமயம், தம் கட்டடத்தைப் பற்றிக் கலைஞரே சொன்னது ஒரு தரப்புச் சான்றுதான். அளவுகளும் ஆண்டுகளும் நூலுக்கு நூல் சற்று மாறும். இரண்டு இடங்களில் ஒத்துப்போகாத எண்ணைக் கட்டுரையில் சேர்க்காதீர்கள்.

வரைபடங்களைப் பொறுத்தவரை, நூலில் உள்ளதை அப்படியே நகலெடுத்து வெளியிடுவதைத் தவிருங்கள். அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். குழாய் வீட்டின் குறுக்குவெட்டை நீங்களே பென்சிலால் வரைந்து, பக்கத்தில் நீங்கள் அளந்த வண்ணாரப்பேட்டை வீட்டின் குறுக்குவெட்டை அதே அளவுகோலில் வரையுங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடங்கும். காற்று போகும் வழியை அம்புக்குறியாலும், பிற்பகலில் குடும்பத்தினர் படுக்கும் இடத்தை ஒரு புள்ளியாலும் இரண்டு வரைபடங்களிலும் குறித்துவிட்டு, அந்தத் தாளை எதிரே வைத்துக்கொண்டு முதல் பத்தியை எழுதத் தொடங்குங்கள்.